பதினாறு பல் சக்கரமும் ஆறு மைல் ஏற்றமும்

1955-ம் வருஷம், மாசி மாதம். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் தப்பால்காரனாகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. தப்பால் என்றால் அங்கே தபால்தான். காலையில் எஸ்டேட் ஆபீஸ் பையை எடுத்துக்கொண்டு கீழே கடைவீதியில் இருக்கும் தபாலாபீசுக்குப் போக வேண்டும். அங்கே வந்திருக்கும் கடிதம், மணியார்டர், தந்தி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மேலே வர வேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் பதினோரு வருஷம் நடந்தே பார்த்தார். என்னிடம் சைக்கிள் இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காக என்னை வைத்துக்கொண்டு, அவரைக் களை வெட்டப் போட்டுவிட்டார்கள்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டிக்காரன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் மிதிப்பவனுக்கு எதிரி காற்றுதான். மார்கழி, தை மாதங்களில் கிழக்கேயிருந்து ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், நிற்கிற ஆளையே தள்ளும். நான் பாலக்காட்டில் ஒரு அரிசி மண்டியில் வேலை பார்த்தேன். காலையில் போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். பின் சக்கரத்தில் இருபது பல் இருந்தால் கால் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், மிதிக்க ஒன்றும் இருக்காது. அதனால் பதினாறு பல் போட்டிருந்தேன். முன்னால் நாற்பத்தெட்டு, பின்னால் பதினாறு. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று ஓடும். சாயங்காலம் அதே காற்றை எதிர்த்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அதே கனத்தை மிதித்து ஊர் வந்து சேர்வேன். என் சைக்கிளை வாங்கி மிதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரு பர்லாங்கில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கோ தலைகால் தெரியாத பெருமை.

மலைக்குக் கிளம்புகிற அன்று, சைக்கிள் கடை வைத்திருந்த என் கூட்டாளி பிரேக் கட்டை மாற்றிக்கொண்டே சொன்னான். ராவுத்தர் வீட்டுப் பையன், என் வயசுதான்.

"டேய் மாப்ள, மலைக்கு இந்தப் பல்லு ஆவாதுடா. பின்னாடி இருபத்திரண்டு போட்டுத் தர்றேன். மெதுவாத்தான் போவும், ஆனாப் போவும்."

"இருபத்திரண்டா? அது மூட்டை ஏத்தறவனுக்குடா. காத்தையே கிழிச்சுட்டு வர்றவன மேடு என்னடா பண்ணிப்போடும்?"

"காத்து நடுவுல நடுவுல மூச்சு விடும்டா, கிறுக்கா. மேடு விடுமா?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

முதல் நாளே மேடு என்னைத் தரையில் இறக்கிவிட்டது. காலையில் கீழே இறங்குவது ராஜபோகம், அரை மணி நேரம்கூட ஆகாது. திரும்பி வரும் வழி ஆறு மைலும் ஏற்றம். பெடலின் மேல் ஏறி நின்றாலும் அது இறங்க மாட்டேன் என்றது. முக்கால் மைலில் தொடை நடுங்க, இறங்கி உருட்டினேன். மறுநாளும் உருட்டினேன். அந்த நாலு மாதத்தில் முழு ஏற்றத்தையும் நான் ஒரு நாள்கூட மிதித்ததில்லை.

இதை எஸ்டேட்டில் யாருக்காவது சொன்னேனா? மூச்சு விடவில்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் கடைசி வளைவு ஒன்று உண்டு. அங்கே ஒரு பாறையோரம் நின்று மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்து, தலையைக் கோதி, சைக்கிளில் ஏறி, மணியடித்துக்கொண்டு கொட்டகை முன்னால் போய் இறங்குவேன். அங்கேயிருந்து தரை கொஞ்சம் சமம். கொழுந்தெடுக்கும் பெண்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஆபீஸ் கிளார்க், "ஆறு மைலும் மிதிச்சே வாறானே!" என்று எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படிப் பார்க்கும் பெண்களில் ஒருத்தி மட்டும் சைக்கிளைப் பார்க்க மாட்டாள், பையைத்தான் பார்ப்பாள். "அண்ணே, எனக்கு ஏதும் காயிதம் வந்திருக்கா?" என்று தினமும் கேட்பாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. அவள் புருஷனுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமி ஆள் பாதியாகிவிட்டார். அவருடைய அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப் போய் இரண்டு மாதம். இவளுக்கு லீவு கிடைக்கவில்லை. இல்லை என்று நான் சொன்னால், "நல்லது, நல்லா இருக்காகன்னுதான் எழுதலபோல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கூடையை மாட்டிக்கொள்வாள்.

அந்தக் காயிதம் தந்தியாக வந்தது. காலை எட்டு மணி. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்துச் சொன்னார். புருஷன் நிலைமை மோசம், உடனே புறப்பட்டு வா. அவள் ஊருக்குப் போகப் போடி பஸ் பதினோரு மணிக்கு. அதை விட்டால் மறுநாள்தான். அவர் பதறினார். நான் பதறவில்லை. "ஒன்பதே காலுக்குக் கொடுத்துடுவேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அவருக்கும் நான் தினமும் மிதித்துப் போகிறவன்தானே! அவரும் நம்பிவிட்டார்.

கடைவீதி முடிகிற இடத்தில் குறுக்குப் பாதை பிரியும். காட்டுக்குள் செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதை. நடந்தால் ஒண்ணேகால் மணி நேரத்தில் எஸ்டேட். சைக்கிள் அதில் ஏறாது. அந்த இடத்தில் பழைய தப்பால்காரர் எதிரே வந்தார். களைக்கொத்து கையில் பட்டு, ஆஸ்பத்திரியில் கட்டுப்போட வந்தவர். யாருக்குத் தந்தி என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்கிட்ட குடுங்க தம்பி. குறுக்கால ஏறிப் போனா ஒம்பதரைக்குள்ள அந்தப் புள்ள கையில குடுத்துருவேன். கட்டு அப்புறம் போட்டுக்கிறேன்."

கொடுத்திருக்கலாம். அல்லது சைக்கிளை டீக்கடையில் சாத்திவிட்டு நானே அந்தப் பாதையில் ஓடியிருக்கலாம். எனக்கு இரண்டு கால் இருந்தது. ஆனால் யாருடைய வேலையைச் சைக்கிளைக் காட்டி நான் பிடுங்கினேனோ, அவர் முன்னாலேயே சைக்கிளைச் சாத்திவிட்டு நடப்பதா? என் புத்தி அப்படித்தான் போயிற்று.

"கையெழுத்து வாங்கோணுமுங்கண்ணா. நீங்க போய்க் கட்டுப் போடுங்க. நான் சைக்கிள்ல போயிர்றனுங்க."

அவர் நான் வளைவைத் தாண்டும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரியும்வரை எழுந்து நின்று மிதித்தேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் காய்ச்சலில் ஐந்து நாள் கஞ்சி குடித்துக் கிடந்தேன். அரை மைல்கூடத் தாங்கவில்லை. வலது தொடை கல் மாதிரி பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் உட்கார்ந்து தொடையைக் குத்திக் குத்தித் தேய்த்தேன். எழுந்து உருட்டினேன், ஏறினேன், இறங்கினேன். அந்தப் பதினாறு பல்லுக்கு ஒவ்வொரு மிதியும் சாக்கு மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருந்தது. பாதி வழியில் எனக்குத் தெரிந்துபோயிற்று, தவறு செய்துவிட்டேன் என்று. அதற்குள் குறுக்குப் பாதையும் கைவிட்டுப் போயிருந்தது. அழுதுகொண்டே சைக்கிளைத் தள்ளினேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், சத்தம் போட்டே அழுதேன்.

இனி எழுதுவதுதான் என்னால் எழுத முடியாதது. கடைசி வளைவு வந்ததும் என் கால் தானாக நின்றது. பாறையோரம் மூச்சு வாங்கினேன். கண்ணைத் துடைத்தேன். தலையைக் கோதினேன். பிறகு ஏறி, மணியடித்துக்கொண்டு போனேன்! ஒரு மனுஷனுக்கு உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும் செய்தி என் பையில் இருக்கிறது. அப்போதும் பழக்கம் விடவில்லை. இரண்டு நிமிடம், அதிகம் போனால் மூன்று நிமிடம் அங்கே நின்றிருப்பேன்.

ஆபீஸ் கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தைந்து. கிளார்க் தந்தியைப் பார்த்ததும் லீவு சொல்லிவிட்டார். அவள் கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் குறுக்குப் பாதையில் ஓடினாள். ஓடினாலும் பதினொன்றுக்குள் அவளால் இறங்க முடியாது. நான் முன்னால் போய் பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று சைக்கிளைத் திருப்பினேன். பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன் என்றே சொல்லலாம். ஒரு திருப்பத்தில் சரளையில் சறுக்கி முழங்கை பிய்ந்தது, நிற்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் தூசி இன்னும் அடங்கவில்லை. வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார். "இப்பத்தான் போச்சுண்ணே. ரெண்டு நிமிஷம் இருக்கும்."

கால் மணி கழித்து அவள் வந்தாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. என்னைப் பார்த்தாள், காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் என் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"எனக்காக இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்து, திரும்ப ஓடியாந்திருக்கீகளே அண்ணே. நீங்க என்ன செய்வீக, பாவம். நீங்க நல்லா இருக்கணும்."

சொல்லியிருக்க வேண்டும். இல்லை தங்கச்சி, நான் மிதிக்கவில்லை, பொய் சொன்னேன், கேட்டவரிடம் கொடுக்காமல் வந்தேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பஸ்ஸில் போனாள். ஒரு மாதம் கழித்து, நெற்றி வெறுமையாகத் திரும்பி வந்தாள். அவள் புருஷன் தந்தி வந்த அன்றைக்கே விளக்கு வைக்கும் நேரத்தில் போயிருக்கிறார். பதினோரு மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் நாலு மணிக்கெல்லாம் அவள் பக்கத்தில் இருந்திருப்பாள். தந்தி கிடைத்ததோ இல்லையோ என்று தெரியாமல் மறுநாள் உச்சிக்குள் எடுத்துவிட்டார்கள். இவள் போனபோது சுடுகாட்டில் புகை மட்டும்தான். "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாகளாம். மொகத்தப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கலண்ணே" என்று என்னிடம்தான் வந்து சொன்னாள், வேறு யாரிடமும் இல்லை. என்னைத் தன் கூடப்பிறந்தவன் மாதிரி நினைத்துவிட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அந்த வேலையைப் பழையவருக்கே கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கிளம்புகிற அன்று அவரைப் பார்க்காமலே வந்தேன். அவர் ஒருவருக்குத்தான் எல்லாம் தெரியும். அவரும் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

சைக்கிளை விற்றேன், பிறகு வேறு வாங்கினேன், பிள்ளைகுட்டிகளும் ஆயிற்று. திட்டினால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வேன். ஆனால் யாராவது என்னிடம் வந்து, "எனக்காகச் சிரமப்பட்டீங்களே, நல்லா இருங்க" என்று சொன்னால், அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள முடியாமல் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன்.