சண்முகவேல் பிடித்த குற்றவாளி

முதல் பிணம் விழும்வரை சண்முகவேல் அரிவாள்மனையில் உட்காரமாட்டார். தோளில் துண்டோடு அடுப்பங்கரைக் கதவில் சாய்ந்து நின்றே கேட்பார். கதையில் வரும் பணக்காரக் கிழவர் கேக்கைத் தின்றுவிட்டு மேசையிலேயே சாய்ந்தார் என்று ஜெர்மேன் படித்த பிறகுதான் உட்கார்ந்து, சாயங்காலச் சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்க ஆரம்பிப்பார். "ம், செத்துட்டாரு. இனிமே சொல்லுங்க மதாம்."

பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை சைகோனில் ஊரே கட்டையைச் சாய்த்துவிடும். சிக்ளோ ரிக்‌ஷாக்காரர்கள் தங்கள் வண்டியிலேயே சுருண்டு கிடப்பார்கள். பெரிய சந்தைக்குப் பின்னால் உள்ள செட்டியார் விடுதியில், சாப்பாடு முடிந்த கூடத்தில் ஜெர்மேன் மட்டும் விழித்திருப்பாள். புதுச்சேரிக் கிறிஸ்தவப் பெண், ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். அவள் பைக்குள் எப்போதும் ஒரு பிரெஞ்சுத் துப்பறியும் கதை இருக்கும். எல்லாம் ஒரே வார்ப்பு. ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு குண்டு விதவை, ஊருக்குள் ஒரு சாவு, மாவு பிசைந்துகொண்டே அவள் பிடித்துவிடும் கொலைகாரன். நடுநடுவே சிரிப்பு, இரண்டு பலகாரத்துக்குப் பக்குவம். ஜெர்மேன் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்லுவாள்.

மூன்று வருஷமாகக் கேட்கிறார் மனிதர். ஒரு தடவையாவது குற்றவாளியைச் சரியாகச் சொன்னாரா என்றால் இல்லை. சமையல்காரி கரண்டியை வாயில் வைத்து உப்புப் பார்த்தாள் என்று வந்தால் போதும், காயைக் கீழே வைத்துவிடுவார். "இவதான். அடுப்புல இருக்கையிலே எச்சி பண்ணுறவ எதுக்கும் துணிஞ்சவ." எந்த நாட்டுச் சமையல்காரிதான் உப்புப் பார்க்காமல் இருக்கிறாள்? ஆனால் சண்முகவேல் பார்ப்பதில்லை. இந்த விடுதியில் எது கொதித்தாலும் முதல் கரண்டி சுவரிலிருக்கும் முருகனுக்கு. அதற்கு முன் நாக்கில் படக்கூடாது. பத்தொன்பது வருஷமாக வாசனையிலும் கைக்கணக்கிலுமே சமைத்து, ஒரு நாளும் உப்பு முன்பின் ஆனதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு நிறையவே உண்டு.

இன்னொரு குழப்பமும் அவரைத் தின்றது. "பொணம் கூடத்துல கெடக்கு, இவ ஆப்பிளுக்குத் தோல் சீவுறா. இதைப் படிச்சு நீங்க சிரிக்கிறீங்க. எனக்கும் சிரிப்பு வருது. ஏன்னுதான் புரியல." சண்டை நடக்கும் காலம் அது. ஒரு நாள் படித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றுப்பக்கம் குண்டு வெடித்து, அலமாரித் தம்ளர்களெல்லாம் கிணுகிணுத்தன. தெருவில் ஓடியவர்கள் எங்கே, எத்தனை பேர் என்று கேட்டார்கள். சண்முகவேல் எழுந்து போய்த் தம்ளர்களை உள்ளே தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "யாரு பண்ணுனதுன்னு ஒருத்தனும் கேக்கல, கவனிச்சீங்களா? ஒங்க பொஸ்தகத்துலதான் ஒருத்தர் செத்தா ஊரே கேக்குது. அதனாலதான் சிரிக்க முடியுது போல. படிங்க."

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சோதனை வந்தது. வெள்ளிதோறும் விடுதியில் கற்கண்டுப் பொங்கல். சைகோனில் நல்ல பால் அகப்படாது என்பதால் நெய்யும் ஏலக்காயும் போட்டே இறக்குவார். அன்றைக்கும் மணம் தெருவரை போனது. முதல் பந்தியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரும் ஒரு வாய் வைத்தார்கள், பன்னிரண்டு பேரும் துப்பினார்கள். பச்சை வாழைக்காயை மென்றதுபோல் நாக்கு இழுத்துக்கொண்டது. விடுதியை நடத்தும் அழகப்பன் செட்டியாருக்கு விசாரணையே தேவைப்படவில்லை. "தண்ணி சீதாலட்சுமி பொறுப்பு. படிகாரத்தை அள்ளிக் கொட்டியிருக்கா. சாயங்காலத்துக்குள்ள கெளம்பச் சொல்லு" என்றார். சைகோன் குழாய்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலங்கித்தான் வரும். பெரிய ஜாடியில் பிடித்துப் படிகாரக் கட்டியால் நாலு சுற்றுச் சுற்றினால்தான் தெளியும். அது சீதாலட்சுமியின் வேலை. புருஷன் போன பிறகு அவளுக்குப் பின்கட்டு அறையைத் தவிர இந்த ஊரில் ஒண்ட ஓர் இடம் கிடையாது.

"நான் எப்பவும்போலத்தான் சுத்துனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று கதை இல்லை. ஜெர்மேன் மூன்றாவது தடவையாக வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுதான் புரியலண்ணே. ரசம் நல்லாத்தானே இருந்துச்சு? ரெண்டுக்கும் ஒரே ஜாடித் தண்ணிதானே?"

சண்முகவேல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு சாமான் அறைக்குள் போனார். கற்கண்டு ஒரு டப்பா, படிகாரம் ஒரு டப்பா, இரண்டும் ஒரே அளவுப் பால்மாவு டப்பாக்கள். இரண்டும் வெள்ளைக் கட்டி. கற்கண்டு டப்பா நேற்று நிரப்பியபடி விளிம்பு தட்டி இருந்தது. படிகார டப்பாவில் அடி தெரிந்தது. விடியற்காலையில் கரண்ட் இல்லாமல் தடவி எடுத்து, உரலில் போட்டு இடித்த கை யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. "மதாம், கண்டுபிடிக்கிறவனே குத்தவாளியா இருந்தா அந்த ரொட்டிக்காரி என்ன செய்வா?"

"அப்படி ஒரு கதை நான் படிச்சதில்லண்ணே."

வாயைத் திறக்காமல் இருந்தால் பத்தொன்பது வருஷப் பேர் தப்பும். சாயங்காலம் அவள் போய்விடுவாள், அடுத்த வெள்ளி பொங்கல் இனிக்கும், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். அரைமணி நேரம் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு செட்டியாரின் சாய்வு நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார்.

செட்டியார் அரைத்தூக்கத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "போ சம்முகம். அவ மேல எரக்கப்பட்டு ஒந் தலையில போட்டுக்கிறியா? ஒங் கை தப்புமா?"

"தப்பிடுச்சுங்கய்யா. வாயில வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். நான் வைக்கல." டப்பாக்களைத் திறந்து அவர் மடியருகே நீட்டினார். செட்டியார் ஒன்றில் விரலைத் தொட்டு நக்கினார், முகம் கோணியது. மற்றதையும் நக்கினார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல், "ரெண்டையும் ஒரே எடத்துல எவன் வச்சது?" என்றார். அதையும் சண்முகவேல்தான் வைத்திருந்தார். அப்படியே சொன்னார். "போ, போ. அவள இருக்கச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டார் செட்டியார்.

சீதாலட்சுமி மூட்டையும் கையுமாக அடுப்பங்கரை ஓரத்தில் நின்றாள். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சண்முகவேல் சுவரிலிருந்த முருகன் படத்தை ஒரு தடவை பார்த்தார். முதல் கரண்டிச் சாம்பாரை எடுத்து ஊதி ஆற்றினார்.

"கையை நீட்டு தாயி" என்றார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் நீட்டிய உள்ளங்கையில் அதை ஊற்றினார். அடுப்பைத் தணித்துவிட்டு, அவள் வாயில் வைத்து ஏதாவது சொல்லட்டும் என்று காத்து நின்றார்.