இன்னொரு தடவை சொல்லுங்க

பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவருக்குக் காது மந்தம் என்றுதான் ஊரே நம்பியிருந்தது. நம்பாமல் என்ன செய்யும்? கண்டக்டர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "மலை வண்டி பத்து நாப்பதுக்குக் கிளம்புது, மூணாவது மேடை" என்று கத்திவிட்டுத் திரும்புவதற்குள் உள்ளேயிருந்து நிதானமாக ஒரு குரல் வரும். "இன்னொரு தடவை சொல்லுங்க." கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். அதற்குப் பிறகுதான் இவர் நோட்டில் நேரத்தைக் குறித்து, மைக்கைப் பக்கத்தில் இழுப்பார். அந்தக் குரலைச் சும்மா சொல்லக் கூடாது, கணீரென்று இருக்கும். பெஞ்சில் தூங்குகிற பயணி எழுந்து உட்கார்ந்து பையைத் தேடுவான்.

வீட்டிலும் இதே கதைதான். "உப்பு தீர்ந்துபோச்சு" என்று மனைவி சொன்னால், "இன்னொரு தடவை சொல்லு." பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள் ஒரு நாள் அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் என்னென்னவோ கருவியை மாட்டி, சின்னச் சத்தம் பெரிய சத்தம் எல்லாம் வைத்துப் பார்த்தார். "இந்த வயசுல இப்படி ஒரு காதை நான் பார்த்ததே இல்லம்மா. என் காதை விட நல்லா இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டார். "அப்போ வேணும்னேதான் என்னை ரெண்டு ரெண்டு தடவை கத்த வைக்கிறீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். வேண்டுமென்றேதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. அவர் பட்டாளத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயரே 'ஒருதடவை'. மழையோ இரைச்சலோ, எதிர்முனையில் சொன்னதை ஒரே தடவையில் பிடித்துவிடுவார். மற்ற ஆபரேட்டர்கள் சந்தேகம் வந்தால் மறுபடி சொல்லச் சொல்வார்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்டுவிட்டால் உத்தரவு போட்டவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் தன் பெயர், பதவி எல்லாம் சொல்லி, உத்தரவை முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் அது இரண்டாவது வரியாக ஏறும். ஒருதடவையின் பதிவேட்டில் இரண்டாவது வரியே கிடையாது. அதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை, சொந்த நாட்டிலேயே ஒரு பாலத்தில் அவருடைய படைப்பிரிவைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அக்கரையிலிருந்து ஆலைத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக ஊர்வலம் வந்தார்கள். யார் கையிலும் ஆயுதம் இல்லை என்று பாலத்து முனையில் நின்ற சார்ஜெண்ட் இரண்டு முறை வயர்லெஸ்ஸில் இவருக்குச் சொல்லியாகிவிட்டது. இவர் அரை மைல் தள்ளி ஒரு வேனுக்குள், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது பன்னிரண்டுக்கு மேஜரின் குரல் வந்தது. "பாலத்தைத் தாண்ட விடாதே. சுடச் சொல்லு." கேட்டார், எழுதினார், சார்ஜெண்ட்டுக்கு அனுப்பினார். எல்லாம் சேர்த்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சார்ஜெண்ட் பதற்றத்தில் பேசுகிற பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டான். அதனால் இவருக்கு எல்லாம் கேட்டது. கண்ணால் ஒன்றும் பார்க்கவில்லை பாவி மனிதர், அந்த நல்ல காதால் கேட்டார். வெடிச் சத்தம் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. அப்புறம் விழுந்து கிடந்த ஏதோ ஒரு சைக்கிளின் மணியை யாரோ விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடக் குரல் வராத யாரோ. மூன்று நிமிஷம் அடித்தது, பிறகு நின்றது. இறந்தவர்கள் பதினெட்டுப் பேர். விசாரணை நடந்தது. சுடச் சொல்லி உத்தரவு எதுவும் வரவில்லை, சிப்பாய்கள் பயத்தில் சுட்டுவிட்டார்கள் என்று முடித்தார்கள். அந்த மாதப் பதிவேடு காணாமல் போயிருந்தது. இவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இவரும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

இவர் காதுக்குள் மணி மட்டும் நிற்கவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம் போகச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர், அன்றைக்கே ஸ்பானரை எடுத்து மணியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அந்தப் பெண் ஐந்து வருஷம் தெருவெல்லாம் "ஓரம், ஓரம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போய்வந்தாள். கழற்றிப் போட்டு என்ன பிரயோசனம்? பட்டப்பகலில், அறிவிப்பு அறையில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது கேட்கும். சட்டென்று இரண்டு கையும் காதுக்குப் போகும், இல்லாத ஹெட்போனைக் கழற்றுவதற்கு. பார்க்கிற டிரைவர்கள் ஈ ஓட்டுகிறார் என்று சிரிப்பார்கள்.

அவர் பிடித்துக்கொண்டு தொங்கியது ஒரே ஒரு நினைப்பை. அன்றைக்கு ஒரே ஒரு தடவை, "மறுபடி சொல்லுங்க சார்" என்று கேட்டிருந்தால்? மேஜர் பெயரும் பதவியும் சொல்லி அந்த வார்த்தையை இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டும். எந்த மனுஷனாலும் அதை இரண்டாம் தரம் சொல்ல முடியாது என்று அவர் நம்பினார். அதனால்தான் பார்க்கிறவர்களையெல்லாம் சோதித்துப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, பலித்தது. "உங்க அக்கா வீட்டு வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன்" என்று குதித்த மனைவி, இரண்டாம் தரம் கேட்டபோது, "போனாலும் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று இறங்கி வந்தார். "அந்த டிரைவரை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்" என்ற டெப்போ மேனேஜர், "ரெண்டு நாள் உக்கார வெச்சாப் போதும்" என்றார். ஒவ்வொரு முறை பலிக்கும்போதும் இவருக்கு அந்தப் பாலம்தான் ஞாபகம் வரும். அன்றைக்கும் பலித்திருக்குமே.

மேஜர் பிறகு கர்னலாகி ஓய்வு பெற்று, முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தலைவரானார். சங்கம் ஒரு சட்டம் கேட்டுப் போராடியது. சட்டத்துக்குப் புறம்பான உத்தரவை மறுக்கிற சிப்பாயைத் தண்டிக்கக் கூடாது, அவன் வேலையையும் பென்ஷனையும் பறிக்கக் கூடாது. ஊர்வலம், உண்ணாவிரதம், மந்திரி வீட்டு வாசலில் வெயிலில் நிற்பது என்று எட்டு வருஷம். ஒருதடவை எட்டு வருஷமும் கர்னலின் பக்கத்திலேயே நின்றார். இந்தச் சட்டத்துக்காக இவ்வளவு அலைகிற மனிதர் என்றைக்காவது அந்தப் பாலத்தைப் பற்றித் தானே வாயைத் திறப்பார் என்று காத்திருந்தார். கர்னல் திறக்கவில்லை. இவருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடைசியில் நாடாளுமன்றக் குழு ஒன்று அவர்களைக் கூப்பிட்டது. மனுவை யார் படிப்பது? குரல் இருக்கிறதே, ஒருதடவைதான். மண்டபத்து வாசலில் கர்னல் தாளைக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பேனாவால் ஒரு வரி புதிதாக எழுதியிருந்தது. 'எங்கள் பணிக்காலத்தில் அத்தகைய உத்தரவு ஒன்றுகூட எங்களுக்கு வந்ததில்லை.'

"சார், இது..."

"பழசைக் கிளறினா மசோதா அலமாரிக்குள்ள போயிடும்னு குழுவிலேயே சொல்லிட்டாங்க. இன்னைக்கு யூனிஃபார்ம்ல இருக்கற பசங்களை நினைச்சுப் பாருங்க. நமக்காகவா கேக்கறோம்? படிச்சிடுங்க."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் அவரை அறுத்தது. எட்டு வருஷ உழைப்பு ஒரு வரியில் தொங்கியது.

குழுவினர் ஏழு பேர் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஓரத்தில் சுருக்கெழுத்தாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண், குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒருதடவை நின்றுகொண்டு படித்தார். மண்டபம் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. கடைசிப் பக்கம் வந்தது, பேனா வரி வந்தது. அவர் நிறுத்தினார். பக்கத்து நாற்காலியில் இருந்த கர்னல் பக்கம் திரும்பினார்.

"மறுபடி சொல்லுங்க சார்."

கர்னலுக்குப் புரியாதா என்ன? பட்டாளத்தில் வயர்லெஸ் தொட்ட யாருக்கும் புரியும். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. சொல்ல மாட்டார், சொல்ல முடியாது என்று இவர் மனசுக்குள் கெஞ்சினார்.

கர்னல் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டார். தன் பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார். பிறகு அந்த வரியை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். ஒன்பது பன்னிரண்டுக்குக் கேட்ட அதே குரல், அதே நிதானம்.

முப்பத்து நான்கு வருஷமாகப் பிடித்திருந்த கொம்பு கையோடு முறிந்து வந்துவிட்டது. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். பத்து தடவை கேட்டால் பத்து தடவையும் சொல்லியிருப்பார். அந்த உத்தரவு நின்றிருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அந்த வேனுக்குள், இவருடைய கை. எங்கோ மணி அடித்தது. வேறு யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

"தெளிவாக் கேட்டுச்சு சார்" என்றார். "இதை நான் அனுப்ப மாட்டேன்."

"உக்காருங்க" என்றார் கர்னல், மெதுவாக. "எல்லாத்தையும் கெடுக்காதீங்க."

அவர் உட்காரவில்லை. குழுவைப் பார்த்துச் சொன்னார். "உத்தரவு வந்துச்சுங்க. நான்தான் வாங்கினேன், நான்தான் அனுப்பினேன். பாலத்துல பதினெட்டுப் பேர். அவங்க கையில ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

குழுத்தலைவர் பேனாவை மூடி வைத்தார். மசோதா அலமாரிக்குப் போகிற சத்தம் அதுதான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கர்னல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுருக்கெழுத்தாளர் மட்டும் தலை நிமிராமல் கேட்டார். "உத்தரவு வந்தது எப்போ, யார் வாங்கினது? சரியா எழுதணும். இன்னொரு தடவை சொல்லுங்க."

ஒருதடவை நிமிர்ந்து நின்றார். தன் பெயரைச் சொன்னார், பதவியைச் சொன்னார். பிறகு, ஒன்பது பன்னிரண்டு என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.