சந்தைச் சுவரில் என் மச்சான்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மன்னாரில புதுச் சந்தை கட்டி முடிச்ச கையோட, வாசல் சுவர் முழுக்க ஊரின்ர சரித்திரத்தைக் கீறித் தரச்சொல்லித் துரை என்னைக் கூப்பிட்டார். வங்காலை வேதக்கோயிலில செட்டை முளைச்ச சம்மனசுகளுக்கு வர்ணம் பூசினவன் எண்டு ஆரோ சொல்லியிருக்கினம். எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு.

கோட்டை கீறினன், கப்பல் கீறினன், ஊர்த் தெருவில திரியிற கழுதையைக்கூட விடேல்லை. நடுவில முத்துக்குளிப்பு. வள்ளத்தில கயிறு பிடிக்கிறவனுக்கு என்ர மனிசியின்ர தமையன்ர முகத்தை வைச்சன். எங்கட கரையில முத்துக் குளிக்கப் போறவன் தன்ர கயிற்றை மச்சானிட்டைத்தான் குடுப்பான். தங்கச்சியின்ர தாலி தன்ர கையில எண்டு அவன் கயிற்றில இருந்து கண்ணை எடுக்கமாட்டான். நான் குளிச்ச காலத்தில எனக்கும் அவர்தான் பிடிச்சவர். கடலடியில இருந்து கயிற்றை ஒரு சுண்டுச் சுண்டினால் போதும், மேல கிடப்பன்.

துரை வந்து பாத்தார். படத்தில இருக்கிற எல்லாரும், நடு வள்ளத்தில கதிரையில நான் கீறியிருந்த துரையைப் பாக்கிற மாதிரி இருக்கவேணும் எண்டார். உடன தூரிகையை எடுத்தன். எல்லா முகத்தையும் திருப்பினன். கடலடியில ஆள் கிடக்க, மச்சானும் துரையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டார். எனக்கு அது உறைக்கவே இல்லை, மடையன்!

சந்தை திறந்த அண்டைக்கே சனம் கொதிச்சுது. எதிலயும் ஒத்துவராத முஸ்லிம் ஆக்களும் எங்கட கத்தோலிக்க வேதக்கார ஆக்களும் இதில மட்டும் ஒண்டாய் நிண்டினம். ஆள் கீழ கிடக்கக் கண்ணை எடுக்கிறவனும் ஒரு மனிசனோ எண்டு கேட்டினம். சாணியும் எறிஞ்சினம். அழிக்கிறன் எண்டு நான் துரையிட்டை ஓடினன். அவர் விடேல்லை, சுவருக்குப் பொலிஸ் காவல் போட்டார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ? அது ஆரின்ர முகம் எண்டு எல்லாருக்கும் தெரியும். அடுத்த குளிப்புக்கு மச்சானை ஒரு வள்ளத்திலயும் ஏத்தேல்லை. கயிறு பிடிச்சே சீவிச்ச மனிசன் கரையில குந்தியிருந்தார். என்ர மனிசி அழுதுகொண்டு தமையன் வீட்டுக்குப் போனவள், போனவள்தான். தனியச் சமைச்சன், தனியத் திண்டன். கதைக்க ஒரு நாதி இல்லை. வெக்கத்தில பூசைக்கும் போகேல்லை. வீட்டுக்குள்ள இருக்கவே பயமாயிருந்துது.

பொறுக்கேலாமல் ஒருநாள் மச்சான்ர ஊர் அரிப்புக்குப் போனன். மச்சான் கரையில பழைய வலையின்ர கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நானே திரும்பக் குளிக்க இறங்கிறன், ஊர் பாக்க நீங்கள் கயிற்றைப் பிடியுங்கோ, எல்லாற்றை வாயும் அடங்கும் எண்டு கெஞ்சினன்.

அவர் தலை நிமிரேல்லை. பேச்சும் உரக்கேல்லை.

“ஊருக்குத் தெரியாது, ஏசுது. நீ சுண்டி நான் இழுக்க ஒருநாளாவது பிந்தினதோ? அது தெரிஞ்சுகொண்டும் என்னை அப்பிடிக் கீறினாய். இனி உன்ர கயிற்றை நான் தொடமாட்டன்.”