டாச்சிங்கில் தொங்கிய நாள்

சிகாமட்டில் மூன்று முறை வெள்ளம் அள்ளிக்கொண்டு போன கடையை மூன்று முறையும் அதே இடத்தில் எழுப்பியவன் நான். ஒரு லாரியை ஒன்பதாக்கினேன். கோயிலுக்கு மண்டபம் கட்டினேன். தமிழ்ப்பள்ளிக்குக் கூரை போட்டேன். நான் படித்ததென்னவோ மூன்றாம் வகுப்பு வரைதான். அப்படிப்பட்டவன் ஒரு கசரத்துக் கொட்டகைக்குள் நுழையப் பயந்து இருபது நாள் வேலியோரம் நின்றேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நின்றேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு. பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ரப்பர்த் தகடு உலர்த்திய பழைய புகைக்கூடத்தைத் துரையிடம் கேட்டு வாங்கி, என் தாய்மாமன் அந்தக் கொட்டகையை நடத்தினார். கர்லாக்கட்டை சுற்றலாம், தண்டால் எடுக்கலாம், மண்ணில் புரண்டு மல்லுக் கட்டலாம். எனக்கும் கொள்ளை ஆசை. குறுக்கே நின்றது டாச்சிங்.

ரப்பர்த் தகடு நிறுக்கிற ஒற்றைக்கோல் தராசுக்கு அந்தப் பெயர். புதிதாகச் சேர வருகிறவனைச் சாக்குத் தூளியில் உட்காரவைத்து அதில் தொங்கவிடுவார்கள். அறுபது ராத்தலுக்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தேறினால் பெயரும் எடையும் புகை படிந்த சுவரில் சுண்ணாம்பால் ஏறும். பெரியவர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் மார்தட்டுவார்கள். நானோ மலைக்காய்ச்சலில் வற்றிப்போனவன். பையன்கள் ஏற்கனவே என்னைக் கொசு என்றார்கள். திரும்பி வந்தால் அந்தப் பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். மரத்தில் வழிந்து காய்ந்த ரப்பரை ஒட்டுப்பால் என்போம். அம்மாவின் வாளியிலிருந்து அதை அள்ளி, துணியில் சுற்றி இடுப்பில் கட்டினேன். மேலே அப்பாவின் சட்டை. ஒட்டுப்பால் நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் பால் வெட்டிவிட்டு வருகிற எல்லோருமே அப்படித்தான் நாறுவார்கள் என்பதால் துணிந்து போனேன்.

"ஏண்டா, ஒங்கப்பன் சட்டைய மாட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றார் மாமா.

"குளிருது மாமா."

"தம்பிக்குக் குளிருதாம்லா" என்றார் கோலைத் தோளில் தாங்கிய பீப்பாய் உடம்புக்காரர்.

தூக்கினார்கள். அறுபத்திநாலு. மாமாவின் புருவம் மேலே போனது. பெருமையாகத் தூளியிலிருந்து குதித்தேன். முடிச்சு அவிழ்ந்து, மூட்டை கால்சட்டை வழியே இறங்கித் தொப்பென்று விழுந்தது.

"அலமாக், பய முட்டை போட்டுட்டான்" என்றார் பீப்பாய்க்காரர். கொட்டகையே சிரித்தது. பூமி பிளக்காதா என்றிருந்தது எனக்கு.

மூலையில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார். "மறுபடி நிறுங்க. இவன மட்டும் ஏன்? எல்லாரையுமே நிறுங்க. சட்ட வேட்டி எல்லாம் கழட்டிட்டு நிறுங்க, பாப்போம்."

சிரிப்பு நின்றது. பீப்பாய்க்காரர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டார். மாமா சுவரை ஏறிட்டார்; உச்சியில் இருந்தது அவருடைய எண். பிறகு ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கி, மேலிருந்து கீழ்வரை அழுத்தித் துடைத்தார்.

"இனிமே இங்க நிறுவை கெடையாது. ஆசப்படுறவன் வரலாம். டேய், சட்டையக் கழட்டிட்டு இருபது பஸ்கி போடு."

உட்கார்ந்து எழுந்து ஏழு போட்டேன், எட்டாவதில் உட்கார்ந்துவிட்டேன். என் விலா எலும்பை எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன்.

மாமா என்மேல் வைத்த பாசத்தால்தான் சுவரைத் துடைத்தார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அத்தனை பெரியவர்களும் என்னைவிட நிம்மதியாக வீடு திரும்பியது ஏன் என்று அந்த வயதில் புரியவில்லை.

கொட்டகை இப்போது சங்கமாகிவிட்டது. விழா மலர் போடுகிறார்கள். அதில் நிறுவையை ஒழித்தவர் மாமா என்று எழுதி, எனக்கே வாசித்துக் காட்டினார்கள். சாக்கைப் பிடித்தது மாமாதான், இல்லையென்று சொல்லவில்லை. பிடிக்க வைத்தது யார்? தொப்பென்று விழுந்த என் மூட்டையல்லவா? அதையும் போடுங்கள். என் பெயரோடு, முதல் பக்கத்தில்.