ஜி.எம். என்றொரு கும்பிடுபூச்சி

போன வாரம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியில் இருந்த பச்சை கிளிப்பை எடுக்கப் போனால், கிளிப் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. முக்கோணத் தலை, துருத்திய கண்கள், கூப்பிய முன்னங்கால்கள். கும்பிடுபூச்சி. கத்தியிருக்க வேண்டும், பழைய பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். அது மணிக்கட்டில் ஏறி நின்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டியது. தோளில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருக்க, எனக்குக் கும்மிடிப்பூண்டி ஞாபகம் வந்துவிட்டது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு காலத்தில் நான் இவற்றை வளர்த்தவள். வளர்த்தவள் என்பது கொஞ்சம் அதிகம்தான். வளர்த்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடி வாங்கியவள்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வேதியியல் படித்த கையோடு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை கிடைத்தது. வீடு திருவள்ளூரில், அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம். அங்கிருந்து தினம் வந்து போக முடியாது என்று பொன்னேரியில் சித்தி வீட்டில் தங்கி ரயிலில் போய்வந்தேன். ரயில் என்றதும் அந்தப் பெண்கள் பெட்டிதான்: வாடிய மல்லிகை, யாருடைய டிபன் பாக்ஸிலிருந்தோ வழிந்த சாம்பார், கவரைப்பேட்டை தாண்டியதும் ஜன்னலில் நுழையும் இரும்புப் புகை. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக ஆடத் தொடங்கும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத பிறவி. சேர்ந்த முதல் வாரமே வேறு வேலைக்கு மனுப் போட்டவள் நான். பையில் எப்போதும் ஒரு இன்டர்வியூ கடிதம் இருக்கும்; இல்லாத நாட்களில் அது ஏன் வரவில்லை என்ற கவலை இருக்கும்.

லேபில் மணிக்கொரு சாம்பிள் வரும். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இளஞ்சிவப்பு தட்டிய கணத்தில் நிறுத்த வேண்டும். என் குடுவை மட்டும் பீட்ரூட் சாறாகிவிடும். பக்கத்து ஸ்டூலில் சபுரா. பழவேற்காட்டுப் பெண், என் வயதுதான்; பொன்னேரிவரை பஸ்ஸில் வந்து என் ரயிலிலேயே ஏறுவாள். வியாபாரக் குடும்பம், அந்த வீட்டிலிருந்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள். அவள் குடுவையில் நிறம் வந்ததா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய ரோஸ் நிற்கும்.

பூச்சி வளர்த்தது அவள்தான். சுற்றுச்சுவர் விளக்குக்கு வரும் பூச்சிகளைத் தின்ன கும்பிடுபூச்சிகள் வரும். காலையில் நாங்கள் உள்ளே நுழையும்போது, வயிறு நிறைந்து சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கும். ஸ்கேலில் ஏற்றி எடுத்து வருவாள். அகலவாய் பாட்டில், உள்ளே ஒரு குச்சி, வாயில் வலைத்துணி, டிராப்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர். கழுவும் அறைத் தட்டில் எப்போதும் மூன்று நான்கு இருக்கும். பெரியதற்கு, எங்கள் ஜெனரல் மேனேஜரை வைத்து, ஜி.எம். என்று பெயர். ஏன் என்று கேட்டேன்.

"கும்பிட்டுக்கினே கடிக்குது இல்ல, அதான்."

எங்கள் வீட்டில் முட்டை வாசற்படி தாண்டாது. நானோ சாப்பாட்டு நேரத்தில் காலி மனைப் புல்லில் குனிந்து வெட்டுக்கிளி பிடித்து ஜி.எம்.முக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். முதல் கடி அப்படித்தான் கிடைத்தது. வெட்டுக்கிளி தப்பித் தாவியது. ஜி.எம். என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. முன்னங்காலின் முட்கள் இரு பக்கமும் இறங்க, நகக்கண் ஓரத்தில் நிதானமாக மெல்லத் தொடங்கியது. வலி பெரிதில்லை, குண்டூசி குத்தல்தான். தன்னை ஒருவர் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தாங்கவில்லை.

"இழுக்காதடி! இழுத்தா அதும் கை ஒட்ஞ்சிடும். சும்மா இரு, அதுவே வுட்டுடும்."

"எவ்ளோ நேரம்?"

"நீ தீனி இல்லன்னு அதுக்குத் தெரியிற வரிக்கும்."

சாயங்காலம் சித்தி, "விரல்ல என்னடி?" என்றாள். "கண்ணாடி கிழிச்சுடுத்து" என்றேன். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை கண்ணாடி என்னைக் கிழித்தது என்று சித்தி எண்ணியிருந்தால் கம்பெனிமேல் புகார் கொடுத்திருப்பாள்.

ஒருநாள் எங்கள் சரக்கை வாங்குகிறவர்கள் லேபைப் பார்வையிட வந்தார்கள். முந்தின நாளே சபுரா பூச்சிப் பாட்டில்களை, கழுவும் அறையின் கடைசி மூலைக்குத் தள்ளி, துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். காலையில் தண்ணீர் விடுகிறேன் என்று ஜி.எம்.மின் பாட்டிலைத் திறந்தவள் நான். அன்று பையில் கிண்டியில் ஒரு இன்டர்வியூவுக்கான கடிதம் இருந்தது. என்ன கேட்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டேன். துணியைக் கட்டவில்லை.

வந்தவர்கள் சுற்றி நிற்க, நான் சொட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். துப்பட்டா வழியாக ஏதோ ஏறியது. பிடரியில் கை போனது, கடித்தது. செய்யக் கூடாது என்று தெரிந்ததைச் செய்தேன். பிய்த்து வீசினேன். குடுவை உடைந்தது. ஜி.எம். தரையில் கிடந்தது. அதன் முன்னங்கால் ஒன்று என் துப்பட்டாவிலேயே தொங்கியது.

"யாரு வேலைம்மா இது?" என்றார் லேப் இன்சார்ஜ்.

நான் தரையைப் பார்த்தேன்.

"என்னுது சார். நான்தான் வளக்கிறேன்" என்றாள் சபுரா.

அன்று மதியமே பாட்டில்கள் குப்பைக்குப் போயின. மறுநாள் சபுராவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ரயிலில் எதிரெதிரேதான் உட்கார்ந்தோம்; அவள் கடலைமிட்டாயை உடைத்துப் பாதி கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் பேக்கிங்கில் போய் நின்றேன்.

"நான்தான் மூடலன்னு சார்கிட்ட சொல்லிடறேன்."

"பேஜாரு பண்ணாத. நான் இந்த மாசத்தோட நின்னுக்கிறேன். ஊட்ல நிக்காஹ் பேசி முடிச்சிட்டாங்க."

"எப்போ?"

"ஒரு மாசம் ஆவுது."

ஒரு மாதம்! தினம் இரண்டு ரயில், ஒரே மேஜை. "ஏன் சொல்லல?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீதான் நாளைக்கே போயிடப் போறேன், போயிடப் போறேன்னுக்கினு இருந்த. எங்க சொல்றது?"

அதற்குப் பிறகும் இரண்டு தடவை இன்சார்ஜ் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய்ச் சொன்னேன். அவர் நிமிரவேயில்லை. "சரி, சாம்பிள் வந்திருக்கு, பாரு" என்றார். எதுவும் மாறவில்லை. சபுராவிடம் சொன்னபோது மட்டும் சிரித்தாள். "போய்ச் சொன்னியா? நெஜமாவா? பயமா இல்ல?" என்று மூன்று முறை கேட்டாள்.

அவளுடைய கடைசி நாளன்று நான் வேலைக்குப் போகவில்லை. கிண்டியில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். எழுதுகிறோம் என்றார்கள், எழுதவில்லை. மறுநாள் பேக்கிங்கில் அவள் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை வருமென்று எதிர்பார்த்தேன். என் விலாசம் அவளிடம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அப்புறம் நான் நாலைந்து கம்பெனி மாறினேன். இரண்டு வருடம் முன்பு புதுவாயல் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, ஆட்டோ பிடித்து பழைய கம்பெனித் தெருவுக்குப் போனேன். கம்பெனிக்கு வேறு பெயர், வேறு சாயம். வெட்டுக்கிளி பிடித்த மனை முழுக்கச் சிமெண்ட் போட்டு கன்டெய்னர் லாரிகளை நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து நேராகப் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். எதற்கென்று கேட்காதீர்கள், கால் போனது.

கடைத்தெருவில் முதல் கடையில் நின்று, சபுரா என்று ஒரு பெண், கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்தவள் என்று கேட்டேன்.

கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தெருவுக்கு நாலு சபுரா கீதும்மா. வாப்பா பேரு இன்னா?"

இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் அப்பா பெயரை நான் கேட்டதே இல்லை.