சூரன் விழும் நேரம்

அன்று கந்தசஷ்டியின் ஆறாம் நாள். தேசியப் பூங்காவிலிருந்து நாங்கள் தங்கியிருந்த சிறிய பாலைவன ஊருக்குத் திரும்பும் மண்பாதையில் டயர் வெடித்தது. நான் அதை மாற்றி முடிப்பதற்குள், காரின் நிழலில் இருந்த மனைவியின் அக்காவுக்குத் தலை சுற்றியது. விடிந்ததிலிருந்து அவர் ஒரு சொட்டு நீரும் அருந்தவில்லை. சிட்னியில், மேய்ஸ் ஹில் கோயிலில் சூரன் விழுந்த பிறகுதான் குடிப்பாராம்.

“ஒரு மிடறாவது குடி அக்கா,” என்று மனைவி போத்தலை நீட்டினாள்.

“சும்மா இரு. முருகன் என்ன தண்ணி குடிச்சிட்டே சண்டைக்குப் போனவர்?”

அவருடைய பேச்சு குழறியது. ஊருக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். காரின் மணிக்கூடு ஆறு காட்டியது. கோயிலில் சூரன் விழுவது ஆறரைக்கு. அதுவரை அவர் தாங்கமாட்டார் என்று பயந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது.

“அக்கா, இந்த ஊர் நேரம் சிட்னிக்கு அரை மணித்தியாலம் பின்னால. வந்த அண்டைக்கே கார் மணிக்கூட்டை மாத்தினனான். அங்க இப்ப ஆறரை.”

“உண்மையோ தம்பி? என்னைப் பேய்க்காட்டேல்லையே?”

“முருகன் அறிய உண்மை.”

அவர் போத்தலை வாங்கினார். முதல் மிடறு தொண்டையில் இறங்கும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை.