ஈரத் தலையும் திறந்த ஜன்னலும்

சிமியோன் எங்கள் திமிஷ்வாரா நகரத்தில் டிராம் ஓட்டுகிறவர். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஈஸ்டர் நோன்பில் ஒருநாள் பணிமனையில் நின்றபடியே மயங்கி விழுந்துவிட்டார். இதயத்தில் கோளாறு இல்லை. வலிப்பாக இருக்குமோ என்ற சந்தேகம்தான் பாக்கி. வலிப்பென்றால் டிராமை மறந்துவிட வேண்டியதுதான்.

அதைப் பார்க்கத்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் மூளை அலைகளைப் பதிவுசெய்யும் என்னிடம் அனுப்பினார்கள். இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, காலையில் தலையில் கம்பிகளோடு தூங்க வேண்டும். களைத்த மூளை தூக்கத்துக்குள் நழுவும்போது, ஒளிந்திருக்கும் வலிப்பு திரையில் தலைகாட்டும். எண்ணெய்ப்பசை இருந்தால் கம்பி ஒட்டாது என்பதால் தலைகுளித்து வரச் சொல்வோம்.

கண் சிவக்க வந்தார். கூடவே மனைவி சவேத்தா.

"ராத்திரி பூரா சீட்டாடி முழிக்க வச்சேன் சிஸ்டர். பாதிரியார் வாயைத் திறந்தாலே தூங்கிடுவாரு, இங்க கேக்கணுமா."

கம்பிகளை ஒட்டி விளக்கை அணைத்தேன். புழுக்கமாக இருந்ததால் ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்தேன்.

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக் கிடக்கிறார், திரையில் விழிப்பின் அலைகளே ஓடுகின்றன. தூங்காவிட்டால் சோதனை வீண். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னங்க, இன்னுமா தூக்கம் வரல?"

"காத்து குறுக்கால அடிக்குதும்மா," என்றார் மெதுவாக. "ஈரத்தலை வேற."

குறுக்குக் காற்று பட்டால் நோய் வரும் என்று நம்பும் எங்கள் ஊர்க்காரர்கள் டிராமுக்குள் வெந்து சாவார்களே தவிர, எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள்.

"காத்து பட்டு யாருங்க செத்தாங்க?" என்றேன்.

"எங்க மாமனாருக்கு வாய் கோணினதே அப்படித்தான்," என்றபடி வெளியே காத்திருந்த சவேத்தா உள்ளே வந்து ஜன்னலைச் சாத்தினாள். தன் கழுத்துத் துணியை அவர் காதோடு சேர்த்துக் கட்டப் போனாள். கம்பிகளைக் காப்பாற்ற நான் பாய்ந்து தடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அலைகள் தளர்ந்தன. திடீரென்று கூராக ஒரு மேடு எழுந்தது. சவேத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அதானா சிஸ்டர்?"

"இல்லம்மா. தூங்கப் போறப்ப எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கும் வரும்."

பிடி தளரவில்லை. பிறகு அலைகள் அகலமாகி மெல்ல உருண்டன, குறட்டையும் கிளம்பியது. நாங்கள் பயந்தது கடைசிவரை வரவே இல்லை.

டாக்டர் லூப்பு பதிவை முழுக்கப் பார்த்தார்.

"வலிப்புக்கான அறிகுறி ஒண்ணுமில்ல. வெறும் வயித்தோட நின்னதால வந்த மயக்கம். வண்டி ஓட்டலாம்."

சவேத்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கும் நெஞ்சு லேசானது. நல்ல சேதி சொல்ல அவரை எழுப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுப்பாதீங்க சிஸ்டர். நீங்க ஒரு ராத்திரிதான் முழிக்கச் சொன்னீங்க. விழுந்த நாள்லேருந்து, வண்டி கையைவிட்டுப் போயிடுமோன்னு இந்த மனுஷன் ஒரு ராத்திரிகூட தூங்கல."

அடுத்து வந்தவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனேன்.